கொடை வேட்டு

சித்திரை பிறந்துவிட்டால் தச்சநல்லூரில் வேட்டுச் சத்தத்துக்குப் பஞ்சம் இராது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் நடக்கும் திருவிழாவுக்குக் கொடை என்று பெயர். வில்லுப்பாட்டு உண்டு, நையாண்டி மேளம் உண்டு, சாமியாட்டம் உண்டு. பூஜை நடக்கும் சமயம் பார்த்து அதிர்வேட்டுப் போடுவார்கள். ஜன்னல் கதவுகள் கிடுகிடுக்கும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் வீறிட்டு அழும். பெரியவர்களோ, "இந்த வருஷம் வேட்டு அமோகம்!" என்று மகிழ்ந்து போவார்கள்.

1998-ஆம் வருஷத்துக் கொடையன்று ராத்திரி என் சித்தப்பா பந்தியில் சாம்பார் வாளியுடன் பரிமாறிக்கொண்டிருந்தார். பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராகப் பென்ஷன் பெற்று ஊர் திரும்பி ஓர் ஆண்டு ஆகியிருந்தது. முதல் வேட்டு வெடித்தது. வாளி ஒரு பக்கமாக உருண்டது. சித்தப்பாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தபோது புறக்கடைச் சுவரோரமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்களில் யாரையும் அவை பார்க்கவில்லை.

"பட்டாளத்துக்காரர் வேட்டுக்குப் பயப்படுகிறாரே!" என்று யாரோ சொன்னார்கள். பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே திருநீறு மந்திரித்து வந்து, கையில் கறுப்புக் கயிறும் கட்டினாள். "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்பது அவள் முடிவு. அதன் பிறகு ஒவ்வொரு கொடைக்கும் சித்தப்பாவுக்கு வெளியூரில் ஏதாவது ஓர் அவசர வேலை வந்துவிடும். அந்த வேலை என்னவென்று வீட்டில் ஒருவரும் விசாரிப்பதில்லை. டெலிவிஷனில் யுத்தப் படம் வந்தால் சித்தி எழுந்து போய் அணைத்துவிடுவாள். இலங்கை என்ற பெயரே எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படாத பெயராயிற்று. "அவர் மறந்து போகட்டும், யாரும் ஞாபகப்படுத்தாதீங்க" என்பது சித்தியின் ஆக்ஞை. அன்பினால் இட்ட ஆக்ஞைதான். ஆனால் பதினான்கு வருஷ காலம் சித்தப்பாவின் வியாதிக்குத் தீனி போட்டு வளர்த்தது அந்த அன்பே என்பதை நாங்கள் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

இந்திய அமைதிப் படை 1987-ஆம் வருஷம் ஜூலைக் கடைசியில் இலங்கைக்குச் சென்றது. சமாதானத்தைக் காக்கப் போன படை, அக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் யுத்தம் செய்யும்படி நேர்ந்தது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பலேறுவதற்குள், 1,100-க்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிர் துறந்தார்கள். அங்கே மாண்டுபோன பொது ஜனங்களின் கணக்கு வேறு. மதறாஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பட்டாளங்களும் அங்கே போயிருந்தன. பஞ்சாபிச் சிப்பாய்க்கும் கூர்க்காச் சிப்பாய்க்கும் இல்லாத ஒரு சங்கடம் தமிழ்ச் சிப்பாய்க்கு இருந்தது. வீடுகளுக்குள்ளிருந்து எழுந்த கூக்குரல் அவனுக்கு அர்த்தமாயிற்று.

சித்தப்பாவுக்கு நேர்ந்தது இன்னதென்று இன்று வைத்திய சாஸ்திரம் தெளிவாகச் சொல்லுகிறது. உயிருக்கு ஆபத்தான, அல்லது காணச் சகியாத ஒரு சம்பவத்தை மனிதன் அனுபவித்த பிறகு, அந்த நினைவு மற்ற நினைவுகளைப் போல் பழசாகிப் போவதில்லை. கல்யாணம் நடந்த நாளை நினைத்துக்கொள்கிறோம். அது நடந்து முடிந்த காரியம் என்ற உணர்வும் கூடவே இருக்கிறது. இந்த வியாதிக்காரருக்கோ நினைவு வரும்போது சம்பவம் அந்தக் கணத்திலேயே மறுபடியும் நடக்கிறது. மார்பு படபடக்கிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; வாசனைகூட வருகிறது. கெட்ட கனவு கண்டு அலறி எழுந்திருப்பது, கதவுத் தாழ்ப்பாளை ராத்திரியில் நாலு தடவை சோதிப்பது, ஹோட்டலில் சுவருக்கு முதுகு கொடுத்து வாசலைப் பார்த்தே உட்காருவது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, பெற்ற குழந்தையிடத்திலும் பாசம் மரத்துப் போவது, 'தப்பெல்லாம் என்னுடையதுதான்' என்ற எண்ணம் ஓயாமல் அரிப்பது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். யுத்தத்துக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களிலும் பலருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வாழ்க்கையைக் குலைக்குமானால் அதுதான் வியாதி. அமெரிக்க மனநல வைத்தியர்கள் 1980-ஆம் வருஷத்தில், வியத்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் போராட்டத்துக்குப் பிறகு, இதைத் தங்கள் அட்டவணையில் சேர்த்தார்கள். தமிழில் இதற்கு 'மனவடு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஈழத்து மனநல வைத்தியர்கள் வழங்கி வரும் சொல் அது. சித்தப்பாவின் நோய் எந்த மண்ணிலிருந்து வந்ததோ, அதே மண்ணிலிருந்து அதன் பெயரும் வந்திருக்கிறது.

நம்முடைய பழைய நூல்களில் வீரனின் காயங்களுக்குத் துல்லியமான கணக்கு உண்டு. மார்பில் பட்டால் விழுப்புண்; முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் முதுகில் புண் பட்டதற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் விட்டான் என்று புறநானூற்றினால் அறிகிறோம். ஆனால் உள்ளே படும் புண்ணுக்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தி இல்லை. இருந்திருந்தால், வேட்டுக்குப் பயந்த ஹவில்தாரைப் பார்த்து எங்கள் பந்தி சிரித்திருக்குமா என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

மேல்நாட்டார் மாத்திரம் இதில் மேலானவர்களாக இருந்துவிடவில்லை. முதல் உலக யுத்தத்தில், 1915 பிப்ரவரியில், சார்லஸ் மயர்ஸ் என்ற டாக்டர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரைப் பத்திரிகையில் எழுதினார். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி மூளையைக் கலக்கிவிடுகிறது என்று முதலில் எண்ணினார்கள். குண்டுக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது, பலர் அதைக் கோழைத்தனம் என்று தீர்த்துவிட்டார்கள். கோழைத்தனம், பட்டாளத்தை விட்டு ஓடுதல் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பு வழங்கிற்று. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ! தொண்ணூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவர்கள் இல்லை.

அந்த நாளில் மாறாக நடந்துகொண்ட ஒரு டாக்டரைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது அவசியம். அவருக்கும் தமிழ் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்பது அவர் பெயர். 1901, 1902-ஆம் வருஷங்களில் அவர் நீலகிரிக்கு வந்து, மாதக் கணக்காகத் தங்கி, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோடர்களின் எருமைக் கொட்டில் சடங்குகளையும் உறவு முறைகளையும் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். அந்தப் புஸ்தகம் 1906-இல் வெளிவந்தது. அதே நீலகிரியில், வெல்லிங்டனில், 1947 முதல் மதறாஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் இருந்து வருகிறது. என் சித்தப்பா துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்ட இடம் அதுதான்.

பிறத்தியார் சொல்வதை அவசரப்படாமல் கேட்கும் வித்தையில் தேர்ந்திருந்த ரிவர்ஸ், யுத்தத்தின்போது ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கர்ட் என்ற ஆஸ்பத்திரியில் மனம் கலங்கிய ராணுவ அதிகாரிகளுக்கு வைத்தியம் செய்தார். ஸீக்ஃப்ரீட் ஸஸூன் என்ற கவிஞர் அங்கே 1917-இல் அவரிடம் வந்து சேர்ந்தார். நோயாளிகளுக்கு மற்ற டாக்டர்கள் கொடுத்த புத்திமதி எங்கள் சித்தி கொடுத்த புத்திமதிதான்: "அதை நினைக்காதே, சந்தோஷமான விஷயங்களை நினைத்துக்கொள்." இந்தப் புத்திமதிதான் நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் 1917 டிஸம்பரில் லண்டனில் ஒரு வைத்திய சபையில் கட்டுரை படித்தார்.

அதில் ஓர் அதிகாரியின் கதை வருகிறது. அவருடைய சிநேகிதர் குண்டு விழுந்து மாண்டார். தேடிப் போன இவர், தலை வேறு உடல் வேறாகச் சிதறிக் கிடந்ததைக் கண்டார். அன்று முதல் ஒவ்வோர் இரவும் அந்தச் சிநேகிதர் கனவில் வந்தார். நினைக்கக் கூடாது என்று பகலெல்லாம் தள்ளித் தள்ளி வைத்ததற்கு இரவு வட்டி வசூலித்தது. ரிவர்ஸ் அவரைப் பேசவிட்டார். பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார்: உடல் அப்படிச் சிதறியிருந்ததே, அந்தச் சிநேகிதர் கணநேரமும் வேதனைப்படாமல் இறந்தார் என்பதற்கு அத்தாட்சி அல்லவா? அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள் கழித்து மீண்டும் கனவு வந்தது. இம்முறை அவர் அருவருப்போ அச்சமோ இல்லாமல் சிநேகிதரின் பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய சாமான்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். அழுதுகொண்டே விழித்தார். அந்த அழுகை பயத்தினால் வந்ததன்று, பிரிவினால் வந்தது. எல்லா நோயாளிக்கும் இப்படி ஓர் ஆறுதல் அகப்படவில்லை என்பதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். சித்தப்பா முதலில் பார்த்த வைத்தியர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று நிமிஷத்தில் காரியம் முடிந்தது. தூக்கம் வந்தது உண்மை. ஆனால் ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பட்டாளத்துக் கான்டீனில் மாதா மாதம் கிடைக்கும் ரம்மும் அதற்குத் துணை சேர்ந்தது. (நாட்டைக் காத்தவர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும் பண்டங்களில், இந்த ஒன்றினால் பாழான குடும்பங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) இந்தத் தூக்க மாத்திரை வகை இந்நோயைக் குணப்படுத்துவதில்லை, பழக்கத்துக்கு அடிமையாக்குகிறது, ஆகவே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கச் சிப்பாய்களுக்கான வைத்திய விதிகள் கண்டிப்பாகச் சொல்லுகின்றன.

2012-இல் ஒரு நாள் ராத்திரி, தூக்கத்தில் சித்தியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்துப் பார்த்துத் தம் கைகளையே வெறித்துக்கொண்டு விடியும் வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவரே, "ஏட்டி, நான் இனிமே திண்ணையில படுத்துக்கிடுதேன்" என்றார். அன்றைக்குத்தான் சித்தி தன் ஆக்ஞையைத் தானே மீறினாள். "எங்கேயும் படுக்க வேண்டாம். கிளம்புங்க, பெரிய டாக்டரைப் பார்ப்போம்" என்று பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். சித்தப்பாவைவிட இருபது வயது இளையவர். முதல் நாள் அவர் மருந்தே எழுதவில்லை. "ஐயா, உங்களுக்குப் பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. உடம்பு இன்னும் டியூட்டியில் இருக்கிறது. நீங்கள் ரிடையர் ஆகிவிட்டீர்கள் என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றாராம். சித்தப்பா பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வைத்தியர் முன் சிரித்தார்.

பிறகு மருந்து தொடங்கிற்று. செர்ட்ரலின் என்ற மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இம்மருந்தை, மனவடுவுக்கும் உபயோகிக்கலாம் என்று அமெரிக்க சர்க்கார் 1999-இல் அனுமதித்தது. பாராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்பவையும் இதே காரியத்துக்கு உதவுகின்றன. மூளையில் ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்குச் செய்தி கொண்டு போகும் ஸெரடோனின் என்ற பொருள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், தலை வலிக்கும். பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் எரிச்சலும் வரும். டாக்டர் சொல்லும் கணக்குப்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். கெட்ட கனவுக்குப் பிராஸோஸின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்தைச் சிலருக்குக் கொடுக்கிறார்கள். 2018-இல் வெளியான பெரிய பரிசோதனை ஒன்றில் அது வெறும் மாவு மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஆயினும் சிலருக்குப் பலன் கண்டிருப்பதால் இன்னும் வழக்கில் இருக்கிறது.

மருந்தினால் சித்தப்பாவின் படபடப்பு ஓரளவு அடங்கிற்று; கோபம் தணிந்தது; குடியும் குறைந்தது. கனவு மட்டும் போகவில்லை. "மருந்து தோணி மாதிரி, ஐயா. துடுப்புப் போட வேண்டியது நீங்கள்" என்று டாக்டர் சொல்லி, இரண்டாவது வைத்தியத்தை ஆரம்பித்தார். இன்றைய வைத்திய விதிகளும் மருந்தைவிடப் பேச்சு சிகிச்சைக்கே முதலிடம் தருகின்றன.

அந்தச் சிகிச்சை விசித்திரமானது. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சம்பவத்தை இப்போது நடப்பது போலவே, ஆரம்பத்திலிருந்து கடைசி வரையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்தவுடன் மறுபடியும் சொல்ல வேண்டும். அவர் குரலைச் செல்போனில் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். வீட்டில் தினமும் அதைக் கேட்க வேண்டும். எட்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை இப்படி. கேட்கும்போதே நமக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. சித்தி அப்படித்தான் எண்ணினாள். இரண்டாம் வாரம் நிறுத்திவிடச் சொல்லி டாக்டரோடு சண்டைக்கே போனாள். ஏனென்றால் முதலில் கனவு அதிகமாயிற்று.

ஆனால் இதன் தத்துவம் எளியது. பயத்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும், 'தவிர்த்ததனால்தான் பிழைத்தேன்' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. எதிரில் நின்று பார்த்து, ஒன்றும் நேரவில்லை என்பதை உடம்பு அறிந்தால்தான் பாடம் மாறும். முதல் வாரம் வேர்த்து நடுங்கிச் சொன்ன கதையை ஆறாவது வாரத்தில் சித்தப்பா தொண்டை மட்டும் அடைத்துக்கொண்டு சொன்னார். இதற்கு வேறு முறைகளும் இருக்கின்றன. பன்னிரண்டு அமர்வுகளில் குற்ற உணர்ச்சியையும் தவறான எண்ணங்களையும் அலசிப் பார்க்கும் சிகிச்சை ஒன்று. வைத்தியரின் விரலசைவைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே நினைவை எழுப்பும் சிகிச்சை மற்றொன்று. யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம், ஜபமும் சுவாசப் பயிற்சியும் போன்ற ஜனங்களுக்குப் பழக்கமான வழிகளையும் வைத்தியத்தோடு சேர்த்துக்கொண்டார்.

சித்தப்பா சொன்ன கதை முழுவதும் எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு சந்தில் இரு பக்கமும் குண்டு பறந்துகொண்டிருந்தபோது, எதிர் வீட்டுத் திண்ணையில் அடிபட்டுக் கிடந்த ஒரு கிழவி தமிழில் தண்ணீர் கேட்டாள். அந்தக் கோஷ்டியில் அது புரிந்தவர் இவர் ஒருவர்தான். இவர் போகவில்லை. இருபத்தைந்து வருஷம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் "அது உங்கள் தப்பில்லை" என்று சொல்லவில்லை. ஒரு காகிதத்தையும் பென்ஸிலையும் கொடுத்து, அந்தச் சந்தைப் படமாக எழுதச் சொன்னார். திண்ணை எங்கே? நீங்கள் எங்கே? நடுவில் எத்தனை அடி? உங்களுக்கு முன்னால் போனவர் எங்கே விழுந்தார்? படத்தை எழுதி முடித்துச் சித்தப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். முன்னால் போனவர் விழுந்து கிடந்த இடம், திண்ணைக்குப் போகும் வழியில் இருந்தது. குற்றமெல்லாம் தீர்ந்துவிட்டதாக அவர் இன்றைக்கும் சொல்வதில்லை. ஆனால் கிழவிக்காக அன்றுதான் அழுதார். அது வரையில் பயந்துகொண்டிருந்தாரே ஒழிய, அழவே இல்லை.

கூடவே வெளி வேலைகளும் உண்டு. பயமுறுத்தும் இடங்களுக்கெல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, குறைந்த மார்க்கிலிருந்து ஏறிக்கொண்டு போக வேண்டும். டீக் கடையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதற்கு முப்பது மார்க்கு. ஜங்ஷன் பஸ் நிலையத்தில் சாயங்கால நேரம் நாற்பது. குறுக்குத்துறையில் கூட்டத்தோடு குளிப்பது ஐம்பது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நிற்பது எண்பது. கொடை வேட்டுக்கு நூறு. ஒவ்வோர் இடத்திலும், பயம் பாதியாகக் குறையும் வரை நகரக் கூடாது. டீக் கடைக்கு முதல் நாள் நான் துணைக்குப் போனேன். ஆறிப் போன டீயை முக்கால் மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்த அந்த மனிதரைவிடத் தைரியசாலியை நான் கண்டதில்லை.

எல்லோருக்கும் பூரண குணம் கிடைக்குமா என்று நேயர்கள் கேட்கலாம். கிடைக்கும் என்று சொன்னால் பொய். சிப்பாய்களுக்கு அளிக்கப்பட்ட இத்தகைய சிகிச்சைகளை 2015-இல் அமெரிக்காவில் தொகுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 49 முதல் 70 பேர் வரை நல்ல அபிவிருத்தி அடைந்தார்கள். ஆனால் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை முடிந்த பிறகும் அந்த வியாதிக்காரர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் குறைவில்லை. சித்தப்பாவும் ஒரு தடவை ஐந்து வாரம் போகாமல் இருந்துவிட்டார். சித்திதான் இழுத்துக்கொண்டு போனாள்.

நம் நாட்டில் ரிடையரான சிப்பாய்களுக்கும் குடும்பத்தாருக்கும் 2003 முதல் தனி வைத்தியத் திட்டம் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற டெலிபோன் உதவிக்கு 14416 என்பது எண்; தமிழிலேயே பேசலாம். ராணுவத்தாருக்கென்று அதன் தனிப் பிரிவு ஒன்று 2023 டிஸம்பரில் புனாவில் திறக்கப்பட்டது. சிப்பாய் கூப்பிடாவிட்டாலும் மனைவி கூப்பிடலாம். பெரும்பாலும் முதலில் கூப்பிடுகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

போன வருஷத்துக் கொடைக்குச் சித்தப்பா எந்த வெளியூருக்கும் போகவில்லை. கோயிலுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் சித்தியோடு நின்றார். வேட்டுப் போடுகிறவன் தீப்பந்தத்தோடு போவதைக் கண்டதும் அவனைக் கூப்பிட்டார்.

"ஏல, பத்த வைக்கு முன்னால ஒரு குரல் கொடு."

"சரிங்க, அண்ணாச்சி" என்றான் அவன். குரல் கொடுத்துவிட்டுத்தான் பற்ற வைத்தான். வேட்டு வெடித்தது. சித்தப்பாவின் கை சித்தியின் தோளை இறுகப் பிடித்தது. பிறகு மெதுவாகத் தளர்ந்தது. இன்னும் எத்தனை வேட்டு பாக்கியிருக்கிறது என்று விசாரித்தார்.